கணிப்பொறியின் வாயில் காப்போன்

ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணிப்பொறி அறையை நினைத்துக் கொள்ளுங்கள். கணிப்பொறிகள் பத்து, மாணவர்கள் நாற்பது பேர். காலையில் நீங்கள் அமர்ந்த அதே பொறியில் மாலையில் வேறொருவர் அமர்கிறார். மூன்று வாரம் உழைத்து நீங்கள் செய்த செயல்திட்டத்தை அவர் அறியாமல் அழித்துவிட்டால்? பொறியை இயக்கியதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கிறதே ஒரு திரை, அது ஒழுங்காக அமைந்திருந்தால் இந்த இழப்பு நேராது. அதன் உள்ளமைப்பைச் சற்றுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ‘பாஸ்’ லினக்ஸை வைத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது இது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸோடு இதுவும் வந்தது. உங்கள் வீட்டு அண்ணனோ அக்காளோ பார்த்திருக்கக் கூடும். இது டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

யுனிக்ஸின் தொடக்க காலத்தில் நுழைவு வெறும் எழுத்துத் திரையில்தான். பெயரைத் தட்டி உள்ளே போனபின், படத்திரை வேண்டுமென்றால் அதற்கு ஒரு கட்டளை தனியாக இட வேண்டும். 1988-இல் கீத் பாக்கார்டு என்பவர் எழுதிய ‘எக்ஸ்.டி.எம்.’ என்ற நிரல் இந்த வரிசையை மாற்றியது. முதலில் படத்திரை, பெயர் கேட்பதே அதில்தான். இவ்வகை நிரலுக்கு ‘டிஸ்ப்ளே மேனேஜர்’ என்று பெயர். ஜி.டி.எம்., லைட் டி.எம். முதலியவை அதன் பின்வந்த தலைமுறைகள்.

நம் கண்ணுக்கு ஒரே திரையாகத் தெரிவதன் பின்னால் உண்மையில் பலர் வேலை செய்கிறார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றின் வாயிலை எண்ணிப் பாருங்கள். வாயிலில் நிற்பவர் பெயரைக் கேட்கிறார். பதிவேடோ உள்ளே அலுவலகத்தில் இருக்கிறது. கொட்டகைச் சாவி மேலாளரிடம். லைட் டி.எம்.மிலும் இப்படியே. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ‘கிரீட்டர்’ அதிகாரம் ஏதுமில்லாத ஒரு சாதாரணப் பயனராகவே இயங்குகிறது. சரிபார்ப்பது ‘பாம்’ என்னும் வேறு பகுதி. அது ஒப்புக்கொண்ட பிறகுதான், முழு அதிகாரம் பெற்ற மேலாளர் நிரல் உங்கள் பெயரில் ஓர் அமர்வைத் தொடங்குகிறது. வாயிற்காவலனை யாரேனும் ஏமாற்றினாலும் அவன் கையில் சாவி இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் நயம்.

கடவுச்சொல் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? எங்குமில்லை! அதை ஒருவழிக் கணக்கில் போட்டுக் குழப்பிய வடிவம் மட்டுமே வட்டில் இருக்கிறது. உடைத்துப் பொரித்த முட்டையை மீண்டும் ஓட்டுக்குள் அடைக்க முடியாது அல்லவா? நீங்கள் தட்டியதை மறுபடி அதே கணக்கில் போட்டு, இரு விடைகளும் ஒத்தால் உள்ளே விடுகிறது.

இனி அமைப்புக்கு வருவோம். ‘ஈ.டி.சி.’ என்ற அடைவில் லைட் டி.எம். என்ற அடைவும், அதனுள் அதே பெயரில் ஓர் அமைப்புக் கோப்பும் உண்டு. அதில் ‘சீட்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள வரிகளே நமக்கு வேண்டியவை. சீட் என்றால் ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும் சேர்ந்த இருக்கை. வரியின் முன்னால் # குறியிருந்தால் அது வெறும் குறிப்பு. பொறி அதைப் பொருட்படுத்தாது. அந்தக் குறியை நீக்கினால்தான் வரி உயிர்பெறும்.

‘ஆட்டோலாகின்-யூசர்’ என்ற வரியில் ஒரு பெயரை எழுதினால், பொறி எதுவும் கேட்காமல் அந்தப் பெயரில் திறந்துகொள்ளும். வீட்டில் தாத்தா செய்தி படிக்க மட்டும் வைத்திருக்கும் பொறிக்கு அது வசதி. பள்ளியில் அது கூடவே கூடாது என்பது என் கருத்து. நாற்பது பேரும் ஒரே பெயரில் நுழைந்தால், யார் கோப்பு யாருடையது என்று பொறிக்குத் தெரியவே வழியில்லை. முன்சொன்ன இழப்பு நேருவதும் அப்போதுதான். ‘கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று வைத்தால் பெயர்ப்பட்டியல் திரையில் தோன்றாது. பெயரையும் தட்டியாக வேண்டும். பட்டியலைக் காட்டுவது பூட்டைத் திறக்கும் வேலையில் பாதியைப் பிறருக்கு நாமே செய்து தருவது போல!

ஒன்றை மறவாதீர்கள். இந்தக் காவல் வாயிலுக்கு மட்டுமே. வேறொரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி வட்டைப் படிப்பவரை இது தடுக்காது. அதற்கு வட்டையே மறைகுறியாக்க வேண்டும். அது தனிக் கதை.

கோப்பைத் தொடுமுன் அதற்கொரு நகல் எடுத்து வையுங்கள். திருத்தியபின் நுழைவுத்திரை வராமல் கறுப்பாகவே நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் பழைய யுனிக்ஸின் எழுத்துத் திரை வந்து பெயர் கேட்கும். ஆசிரியரின் நிர்வாகி உரிமையோடு நுழைந்து, நகலைப் பழைய பெயரில் திரும்ப வைத்துப் பொறியை மறுபடி இயக்கினால் வாயில் காப்போன் தன் இடத்துக்கு வந்துவிடுவான்.