ஏரிகளில் ஜிலேபிக் கெண்டையைக் கட்டுப்படுத்தும் முறை

மீன்பாசிக் குத்தகையெடுத்த சங்கங்கள் பலவற்றில், வலை நிறைய மீன் விழுந்தும் வரும்படி குறைவாயிருப்பது காணப்படுகிறது. விழுபவை பெரும்பாலும் உள்ளங்கையளவுள்ள ஜிலேபிக் கெண்டைகளேயாம். விரால், கெளுத்தி, அயிரை முதலிய சுதேச மீன்களோ அருகி வருகின்றன.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பாகத்தைச் சேர்ந்தது. ஜனங்களுக்கு மலிவான உணவாகுமென்று கருதி 1952-ம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமெய்தி, வருஷத்தில் பல தடவை முட்டையிடுகிறது. பெண்மீன் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் அவை எளிதில் அழிவதில்லை. தொகை பெருகவே இரை போதாமல் இம்மீன்கள் சிறுத்துப்போவதுடன், மற்ற மீன்களின் இரையையும் கவர்ந்துகொள்கின்றன. பெரிய கண் வலையால் இவற்றை ஒழிக்க முடியாது. சிறுத்தவை அதில் தப்பி மேலும் பெருகும்.

அனுசரிக்கவேண்டிய முறைகளாவன:

1. கோடையில் ஏரி வற்றிக் குட்டைகளாகும்போது, சுதேச மீன்களை முதலில் பிடித்து வேறொரு குளத்தில் விட்டுக் காக்கவேண்டும். பின்னர், சிறு கண் வலையால் ஜிலேபிக் கெண்டைகளைப் பெரிது சிறிது பாராமல் வாரிவிடவேண்டும்.

2. வற்றாத குட்டைகளில், மீன்வள இலாகாவின் ஆலோசனை பெற்று, ஒரு கன மீட்டர் ஜலத்துக்கு 250 கிராம் வீதம் இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துவிடலாம். அது எல்லா மீனையும் கொல்லுமாதலால் முதல் முறையைச் செய்யாமல் இதைச் செய்யலாகாது. விஷம் தணிய இரண்டு மூன்று வாரமாகும். பின்பு அதுவே உரமாகும். அதுவரை கால்நடைகளை அக்குட்டைகளில் இறக்கலாகாது.

3. மழைக்குப் பின் சுதேச மீன்களைத் திரும்ப விடுவதோடு, விரால் குஞ்சுகளையும் சேர்த்து விடவேண்டும். விரால், ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று குறைக்கும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்துநிற்கும் விராலைப் பிடித்தால் அக்கூட்டம் முழுவதும் நாசமாகும்.

4. மேல் ஏரியின் உபரி ஜலத்தோடு இம்மீன் கீழ் ஏரிக்கு வந்துவிடும். மதகு வாய்க்காலில் சிறு கண் வலை கட்டலாம். வெள்ளக் காலத்தில் கலிங்கலை வலையால் அடைத்தல் கரைக்கு அபாயமாதலால் கூடாது.

வாயில் குஞ்சுகளோடு தப்பிய பெண்மீன்கள் சிலவே ஏரியை மறுபடி நிரப்பப் போதுமானவை. ஆகையால் ஒரு சங்கம் மட்டும் பாடுபட்டுப் பயனில்லை. ஒரே வரிசையிலுள்ள ஏரிகளின் சங்கங்கள் யாவும் கோடைக்கு முன்பே கூடித் தீர்மானித்து, ஒரே மாதத்தில் இவ்வேலையை ஆரம்பித்து, வருஷந்தோறும் தவறாமல் நடத்திவருவார்களாயின், சுதேச மீன்களும் பிழைக்கும். குத்தகைப் பணமும் வீண்போகாது.