எனக்குத் திரும்பும் ஊர், அவர்களுக்குப் புது நாடு

வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலை. திருமயம் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்ததும், என் எட்டு வயது மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நாம இங்கயே இருந்துடலாமா?" என்று கேட்டான். பாறையைக் குடைந்த கருவறைக்குள் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் பெரிய திருமேனியை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருந்தான். மலேசியாவின் கிள்ளானில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கேள்வி பெருமாளே கேட்டதுபோல இருந்தது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமயம் கோட்டைக்கு அருகே எங்கள் பழைய வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுவது என்று அந்த நிமிடமே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க திரும்பி வரீங்க. நானும் பிள்ளைங்களும் ஒரு புது நாட்டுக்குக் குடி போறோம். அதை நீங்க யோசிக்கவே இல்லைங்க."

அவள் மலேசியாவில் பிறந்தவள். அவளுடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். வீட்டில் தமிழ், நெற்றியில் திருநீறு, தைப்பூசத்துக்குப் பத்துமலை. இவ்வளவும் இருந்ததால், இந்தியா அவளுக்கு அந்நிய நாடு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த ஒன்றரை ஆண்டு நாங்கள் கேட்டு, அலைந்து, சண்டையிட்டு, சமாதானமாகித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் வேர்விட்டுவிட்டு, சின்னக் கோயில் ஊருக்குக் குடும்பத்தோடு வரலாமா என்று எடைபோடுகிற யாருக்காவது இது உதவட்டும்.

திருவிழா நாளில் ஊரை எடைபோடாதீர்கள்

விழாக்கால ஊரும் வெறுநாள் ஊரும் வேறு வேறு. எனவே அடுத்த முறை வேண்டுமென்றே மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையின் இரண்டு வாரத்துக்குப் போனோம். கத்திரி வெயில். மதியம் கோயில் நடை சாத்திய பிறகு தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கோட்டைப் பாறை வாங்கிய சூட்டை இரவு பத்து மணிவரை திருப்பித் தந்துகொண்டிருந்தது. ஏகாதசியன்று இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்ட மகன், நான்காம் நாள் "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?" என்றான். 'வீடு' என்று அவன் சொன்னது கிள்ளானை.

அந்த இரண்டு வாரத்துக்கு என் மனைவி ஒரு விதி வைத்தாள். அன்றாட வேலைகளை அவள் தனியாகச் செய்வாள், நான் கூடப் போகக் கூடாது. கேஸ் சிலிண்டர் பதிவு, வங்கி, மின்கட்டணம், காய்கறி, மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவமனை என எல்லாம் அவளே. எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அவளுக்கு அரை நாள் எடுத்தது. எனக்கு ஊரில் முகம் இருக்கிறது. 'இன்னார் மகன்' என்று சொன்னாலே நாற்காலி போடுகிறார்கள். அவளுக்கு அந்த முகம் இல்லை. அவள் பேசும் தமிழைக் கேட்டு, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஊர் தெரிந்தவர் துணையில்லாமல், ஊர் தெரியாதவர் தனியாக இரண்டு வாரமாவது வாழ்ந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

தொலைவையும் அப்போதுதான் அவள் கணக்கில் அளந்தோம். புதுக்கோட்டை ஒரு பக்கமும் காரைக்குடி மறுபக்கமும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ரயில் நிலையம் உண்டு, பேருந்துக்குக் குறைவில்லை. திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால் கோலாலம்பூருக்கு நேராகப் போய்வரலாம். ஆனால் சிறப்பு மருத்துவரோ, மகளுக்குப் பிடித்த நீச்சல் பயிற்சியோ வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பேருந்து ஏற வேண்டும். வண்டி ஓட்டாத பெண்ணுக்கு 20 கிலோமீட்டர் என்பது, எப்போதும் யாரையாவது கேட்டு நிற்க வேண்டிய தூரம்.

கோயில் ஊரின் கேள்விகளை முன்பே பேசிவிடுங்கள்

திருமயத்தில் ஒரே குன்றில் பெருமாளும் சிவனும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். பக்கத்தில் சத்தியகிரீசுவரர். இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் வருமானம் பற்றி நெடுநாள் வழக்கு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் வந்து விசாரித்துத் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வருமானம் பங்கு பிரிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே சுவர் எழுந்தது. சிறுவயதில் அந்தச் சுவரைப் பார்க்கும்போது பகை என்று நினைத்தேன். இப்போது, யார் எதை விட்டுக்கொடுப்பது என்று வெளிப்படையாகப் பேசி முடித்ததற்கு அடையாளமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பேச்சு தேவைப்பட்டது.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. விலக்கு நாட்களில் பூசை அறைப் பக்கம் வரக்கூடாது, தனியாகப் படுக்க வேண்டும் என்பது அம்மா வளர்ந்த முறை. கிள்ளானில் எங்கள் வீட்டில் அது இல்லை. இந்தப் பேச்சை யாரும் எடுக்காமல் இருந்தால் முதல் மாதமே வெடித்திருக்கும். என் மனைவிதான் அம்மாவிடம் நேராகக் கேட்டாள். "அத்தை, பூசை அறைக்கு நான் பொறுப்பு, அவளை அங்க விட மாட்டேன். ஆனா தனியா படுக்க வைக்கிறது மட்டும் வேண்டாம், அவ மனசு ஒடைஞ்சுடும்." அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை, "சரித்தா, புள்ள எங்கூடவே படுக்கட்டும்" என்றார். அம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த வார்த்தையைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்று சாதி. வேண்டுமானால் தனியாக இருந்து பார்க்கலாம் என்று ஒரு வாடகை வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் முன்பணத்தைப் பற்றிப் பேசும் முன் "நீங்க யாருங்க?" என்றார். பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து என் மனைவி பெயரைச் சொன்னாள். அவர் கேட்டது அதை அல்ல. திரும்பும் வழியில் என் மகள், "அவர் என்ன கேட்டார் அப்பா?" என்றாள். பிள்ளைகளை இந்த ஊருக்குக் கூட்டிவர நினைக்கும் ஒவ்வொரு தகப்பனும் அந்தக் கேள்விக்குப் பதிலை முன்பே தயார் செய்துகொள்ள வேண்டும். நான் செய்திருக்கவில்லை. கோயிலின் அழகை நாள்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, ஊரின் இந்த முகத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை என்பது இன்றும் குத்துகிறது.

காகிதங்களை உணர்ச்சிக்கு முன்னால் வையுங்கள்

நான் இந்தியக் குடிமகன், மலேசியாவில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவன். மனைவியும் பிள்ளைகளும் மலேசியக் குடிமக்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, மலேசியாவும் அப்படியே. அவர்களுக்குப் பொருந்துவது, இந்தியத் தொடர்புள்ள வெளிநாட்டினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை. இந்தியக் குடிமகனை மணந்தவர், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்றால் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அந்த அட்டை இருந்தால் எத்தனை ஆண்டும் தங்கலாம், வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை.

ஆனால் அது குடியுரிமை அல்ல. வாக்குரிமை இல்லை, அரசுப் பதவி இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வருவதைப் பெறலாம். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது படிப்பு. 2021 மார்ச் 4-இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ மாணவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கும் கூடுதலாக உருவாக்கும் இடங்களுக்கும்தான் போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்கள் அந்தத் தேதிக்கு முன் அட்டை எடுக்கவில்லை. மருத்துவம் படிக்க ஆசைப்படும் என் மகளுக்கு, அதிகக் கட்டணமுள்ள சில இடங்கள் மட்டுமே கதவு திறக்கும். ஊரில் யாரும் இதைச் சொல்லவில்லை, நான்தான் தேடிப் படித்தேன்.

என் பக்கமும் கணக்கு உண்டு. மலேசிய வசிப்புரிமை வைத்திருப்பவர் மறுநுழைவு அனுமதியைப் பார்த்துக்கொள்ளாமல் நீண்டகாலம் வெளியே இருந்தால் அதை இழக்க நேரிடும். இந்தியாவில் ஆண்டுக்கு 182 நாள் தங்கினால் வரிச் சட்டத்தில் நான் இங்கே வசிப்பவன். திரும்பி வருபவர்களுக்குச் சில ஆண்டு சலுகைநிலை உண்டு. வெளிநாடுவாழ் இந்தியராக வைத்திருந்த என்ஆர்இ வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டும். வேலையை விடும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பள்ளி ஆண்டை எண்ணிப் பாருங்கள்

மகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் படிக்கிறாள். தமிழ்நாட்டிலோ பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் இலக்கணம் ஆறாம் ஆண்டோடு நின்றுபோயிற்று. புது நாட்டில் முதல் ஆண்டே பொதுத்தேர்வை நோக்கி ஓட வைப்பது பாவம். மகனுக்கு இந்தத் தடை இல்லை. அவன் வயதில் எந்தப் பள்ளியும் பழகிவிடும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு. மூத்த பிள்ளைக்கு எது கடினமோ அதைக் கொண்டு தேதியை முடிவு செய்யுங்கள்.

வீடு இருக்கிறது என்று நம்பி வராதீர்கள்

பழைய வீட்டை இடித்து, மாடியோடு கட்டிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். திருமயம் கோட்டை 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டியது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கட்ட முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மராமத்துக்கும் அனுமதி வேண்டும். எங்கள் வீடு 100 மீட்டருக்குள் விழுகிறது. ஓடு மாற்றுவது, குளியலறையைச் சீராக்குவது, இதற்கு மேல் கனவு காண முடியாது. கோட்டை நிலைத்திருக்க இந்தச் சட்டம் வேண்டும் என்று முழுமனத்தோடு நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன், பழைய ஊரில் வீடோ மனையோ இருக்கிறவர்கள் வரைபடம் போடும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்.

யாருக்காக வருகிறோம் என்பதை அவரிடமே கேளுங்கள்

என் தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் சமையல்காரராக இருந்தவர். மூன்றாண்டு அங்கே, பிறகு சில மாதம் ஊரில். இந்தப் பகுதி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டினார்கள். குடும்பம் இங்கேயே இருந்தது. அதனால் எங்களுக்குப் 'போவது' தெரியும், 'திரும்புவது' தெரியும். ஒரு குடும்பத்தை அப்படியே பெயர்த்து நடுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. அதைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிவைத்த அனுபவமும் எந்த வீட்டிலும் கிடைக்காது.

இத்தனையும் அம்மாவுக்காக என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் கேட்டதே இல்லை. கேட்டபோது அவர் சொன்னது: "நீ வந்தா சந்தோசந்தான் தம்பி. ஆனா அந்தப் புள்ள மொகம் வாடிக் கெடந்தா, எனக்குச் சோறு எறங்காது." எங்கள் எல்லாருடைய தராசையும் நேராக்கியது அந்த வார்த்தைதான்.

முடிவை என் மனைவி சொன்னாள். மகள் மலேசியாவில் பள்ளி இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வை எழுதி முடிக்கட்டும். அதுவரை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு முறை விழாவுக்கும் ஒரு முறை வெயிலுக்கும், குடும்பத்தோடு ஊர்போய் வருவோம். நான் தனியாக இன்னும் இரண்டு முறை. அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்துத் தெரு உறவுக்காரப் பெண்ணுக்கு மாதச் சம்பளம். தேர்வு முடிந்தபின் ஓராண்டு மட்டும் வந்து இருந்து பார்ப்போம். திரும்பிப் போக மனம் வந்தால் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது.

இப்போது ஞாயிறுதோறும் மகள் அம்மாவோடு காணொளியில் பேசுகிறாள். 'பாட்டி' என்று அழைத்துக்கொண்டிருந்தவள், சென்ற மாதம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே "அப்பத்தா" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அம்மா பேச்சை நிறுத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அடுத்த முறை வரும்போது என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டார். மகள் யோசித்துச் சொன்னாள், அம்மா எழுதி வைத்துக்கொண்டார்.