முதுகே ஆசனம்

'அரியணை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்க. அரி என்றால் சிங்கம், அணை என்றால் இருக்கை. 'சிங்காதனம்' என்பதற்கும் அதே பொருள்தான். விலங்கு உருவத்தில் இருக்கை செய்வது நமக்குப் புது டிசைன் இல்லை.

பிரான்ஸில் பிரான்சுவா சேவியர் லலான் என்ற சிற்பி 1964-இல் ஓர் உலோகக் காண்டாமிருகம் செய்தார். அதன் விலாவைத் திறந்தால் எழுதும் மேசை! அடுத்த ஆண்டே ஆட்டுத்தோல் போர்த்திய செம்மறி ஆடுகள் செய்தார். அவற்றின் முதுகில் உட்காரலாம். சிலையா, தட்டுமுட்டுச் சாமானா? ரெண்டும்தான்.

இதே கேள்வியை நம் கோயில் வாகனத்திடம் கேட்போம். நம்மில் பலருக்கு அது செல்ஃபிக்குப் பின்னால் நிற்கும் அழகுச் சிலை. உண்மையில் அது வேலை செய்யும் பொருள். உற்சவ மூர்த்தி பல கோயில்களில் ரெண்டு, மூணு அடி உயரம்தான். கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்கும் தரிசனம் தரத்தான் சாமி வீதிக்கு வருகிறார். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் பாட்டிக்கும் சாமி தெரியணுமே! அந்த உயரத்தைக் கொடுப்பது வாகனத்தின் முதல் வேலை. அடுத்தது, சாமியை அசையாமல் பிடிப்பது. பழைய செப்புத் திருமேனிகளின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கும். தண்டு செருகவும் கயிறு கட்டவும் வைத்தவை அவை.

இனி பேலன்ஸ். ரிஷபம் சுலபம்: நாலு கால், அகன்ற முதுகு, எடை நேராகக் கீழே இறங்கும். பாயும் குதிரைக்கு முன்னங்கால்கள் அந்தரத்தில் இருக்கும். எடை முழுக்கப் பின்னங்காலுக்குப் போனால் தாங்காது. அதனால்தான் பல குதிரை வாகனங்களில் வயிற்றுக்கடியில் ஒரு முட்டு இருக்கும். மயிலுக்கோ ரெண்டே கால். நிஜ மயிலின் குச்சிக் காலை அப்படியே செதுக்கினால் என்ன ஆகும்? சிற்பி அதைத் தடிப்பாக்குகிறார். அடுத்த முறை மயில் வாகனத்தைப் பார்த்தால் முகத்தை விட்டுவிட்டு காலைப் பாருங்க. எனக்கு அதுதான் அதிசயம். (கயிலையைத் தூக்கப் பார்த்த ராவணனையே சிவனுக்கு வாகனமாக்கினார்களே, அந்தக் குறும்பும் பிடிக்கும்!)

தோள் கொடுக்கும் தம்பிமார்கள் இதைக் கவனிக்கணும். சாமி மேலே இருப்பதால் எடையின் மையமும் மேலே இருக்கும். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த பக்கத்தில் இருப்பவர்கள் தோளில்தான் கூடுதல் பாரம் விழும். குட்டையானவரையும் நெட்டையானவரையும் கலந்து நிறுத்தினால், குட்டையானவர் தோளில் தண்டு படாது. நெட்டையானவர் ரெண்டு பேர் சுமையைத் தூக்குவார். உயரம் பார்த்து வரிசை பிரிப்பது வீம்புக்கு இல்லை.

தூக்கும்போது காது, வால், கொம்பு எதையும் பிடிக்காதீங்க. அவை பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியவை, எடை தாங்க வைத்தவை அல்ல. அடிச்சட்டத்தைப் பிடிங்க. திருவிழா முடிந்ததும் வாகனத்தை ஸ்டோரில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே தள்ளி, மேலே பந்தல் கம்பி சாய்த்து வைக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கு. பார்க்கவே கஷ்டம். நம் ஈரக் காற்றுக்கு மரம் இற்றுப்போக அதிக நாள் வேண்டாம். தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றி, சுவரைவிட்டுத் தள்ளி வைத்துத் துணி போர்த்தினால் போதும். கொடியேற்றத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு டார்ச் லைட்டோடு போய், காலும் சட்டமும் சேரும் இடத்தில் கரையான் மண் இருக்கான்னு பாருங்க.