மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

இங்கிலாந்துக் கடலோரப் பாதைகளில் அலெக்சாண்டர்ஸ் கீரை பறிக்கப் புதிதாகக் கிளம்பும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் அதன் சொந்தபந்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட், செலரி எல்லாம் ஒரே குடும்பம். பூங்கொத்து குடைபோல விரியும். ரோமானியர் கொண்டுவந்த அலெக்சாண்டர்ஸும் அதில் ஒன்று. ஆளைக் கொல்லும் ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட்டும் அதே குடும்பம்தான்.

2. இலையைக் கையில் வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். அலெக்சாண்டர்ஸ் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், மும்மூன்றாகப் பிரியும். சிற்றிலைகள் அகலமானவை, ஓரத்தில் பற்கள் உண்டு. காம்பு தண்டோடு சேருமிடத்தில் அகன்ற உறை தண்டைத் தழுவியிருக்கும். டிராப்வொர்ட்டின் சிற்றிலைகள் அடியில் குறுகி ஆப்பு வடிவில் இருக்கும்.

3. பூ வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அலெக்சாண்டர்ஸ் பூ மஞ்சள் கலந்த பச்சை, வசந்தத்திலேயே பூத்துவிடும். டிராப்வொர்ட்டின் பூ வெள்ளை, கோடையில்தான் வரும்.

4. நம் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கறிவேப்பிலை, மல்லி வாசத்திலேயே வளர்ந்தவர்கள் கசக்கி மோந்து பார்த்து முடிவு கட்டிவிடுவோம். டிராப்வொர்ட் இலையும் பார்ஸ்லிபோல நன்றாகவே மணக்கும், கசந்தும் எச்சரிக்காது. 2002-இல் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதிக்கு விடுமுறைக்குப் போன எட்டு இளைஞர்கள் அதன் கிழங்கை வேறொன்றென்று நினைத்துக் கறிக்குழம்பில் போட்டுச் சாப்பிட்டார்கள். நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

5. இடத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அலெக்சாண்டர்ஸுக்கு வேலியோர மேடு பிடிக்கும், டிராப்வொர்ட்டுக்கு ஓடையும் ஈரமும். ஆனால் வேலியடியில் வாய்க்கால் ஓடினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

6. வேரைப் பிடுங்காதீர்கள். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச் செடியை வேரோடு எடுப்பது அங்கே 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

7. ஒரே செடியை ஒரு வருஷம் முழுக்கப் போய்ப் போய்ப் பாருங்கள். குளிர்காலத் தளிர், வசந்தத்துப் பூ, கோடையில் மிளகு அளவுக்குக் கறுத்த விதை, எல்லாம். தளிர் பருவத்தில்தான் பறிக்க ஆசை வரும். அப்போது இரண்டு செடியிலும் பூ இருக்காது. அந்த முதல் வருஷம் ஒரு இலைகூட வாயில் வைக்க வேண்டாம்.

8. தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால் வாந்தியோ வலிப்போ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். மிச்சமிருக்கும் செடியைப் பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.