கார் ஏசி: கேஜ் பார்த்த பிறகே கேஸ்

 

வெயில் ஏறத் தொடங்கியதும் ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் கேட்கும் பேச்சு, "கேஸ் குறைஞ்சிடுச்சு, ஏத்திடலாம்" என்பதுதான். ஏற்றியதும் வண்டி குளிர்கிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது பெரும் செலவு. மெக்கானிக் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கோ, வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும். எனவே இந்த இதழின் தொழில் பாடத்தில், கேஜ் பார்த்துப் பழுதைக் கண்டறிவது எப்படி என்று பார்ப்போம்.

நம் ஊருக்கு அழுத்தத்தைக் கவனிப்பது புதிதல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் உள்ள நீர், பெரும் விசையோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. அதை இரவுபகலாகப் பம்பு வைத்து இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துத்தான் நிலக்கரி வெட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அங்கே வேலை நடக்காது. கார் ஏசியும் அப்படித்தான்.

கேஸ் எங்கே போகிறது?

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, கூலிங் காயிலில் ஆவியாகிக் குளிர்விக்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரசருக்கே வருகிறது. ரப்பர் ஹோஸ், சீல் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். சில மாதங்களிலேயே குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கம்ப்ரசருக்கு எண்ணெயைச் சுமந்து செல்வதும் இந்த கேஸ்தான். கசிவை அப்படியே விட்டால் எண்ணெய் கிடைக்காமல் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும். அப்போது செலவு பல மடங்கு.

கேஜ் மாட்டும் முறை

கேஜ் செட்டில் நீல ஹோஸ் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு, சிவப்பு அதிக அழுத்தப் பக்கத்துக்கு. நடுவில் உள்ள மஞ்சள் ஹோஸ் வேக்குவம் பம்புக்கும் கேஸ் சிலிண்டருக்கும். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டிகளில் இரு பக்க வால்வுகளும் வெவ்வேறு அளவில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். திரவமாக உள்ள கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேஜின் இரண்டு திருகுகளையும் மூடிய பிறகே ஹோஸை மாட்ட வேண்டும். என்ஜினைச் சுமார் 1,500 சுற்றில் வைத்து, ஏசியை முழுக் குளிரிலும் பிளோயரை முழு வேகத்திலும் ஓடவிட்டு, முள் நிலையான பிறகு படிக்க வேண்டும். பொதுவாக நல்ல நிலையில் உள்ள வண்டியில் நீலம் 25 முதல் 45 பி.எஸ்.ஐ., சிவப்பு 150 முதல் 250 பி.எஸ்.ஐ. வரை காட்டும். வெயில் கடுமையாக இருந்தால் சிவப்பு இன்னும் ஏறும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்கவும்.

முள் சொல்வது என்ன?

1. இரண்டும் குறைவு: கேஸ் குறைந்திருக்கிறது. முதலில் கசிவைத் தேடுங்கள்.

2. இரண்டும் அதிகம்: கேஸ் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கலாம், உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது கண்டென்சருக்குக் காற்றோட்டம் இல்லை. கண்டென்சர் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சிவப்பு முள் நன்கு இறங்கினால், ஃபேனையும் கண்டென்சரில் அடைந்த புழுதியையும் முதலில் கவனியுங்கள். சுரங்கப் புழுதியும் சாம்பலும் பறக்கும் நம் பகுதியில் இது முக்கியம். தண்ணீரால் கழுவினாலே தீரும் குறைக்குக் கேஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

3. நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கம்ப்ரசர் தேய்ந்து, அழுத்தும் திறனை இழந்திருக்கலாம்.

4. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது: வால்விலோ டிரையரிலோ அடைப்பு. சற்று நேரம் குளிர்ந்து பிறகு நின்றால், உள்ளே உள்ள ஈரம் வால்வில் பனிக்கட்டியாக உறைகிறது.

அழுத்தம் வேறு, அளவு வேறு

பலரும் தவறும் இடம் இதுதான். என்ஜின் நின்று, வண்டி நன்கு ஆறிய பிறகு இரண்டு முள்ளும் ஒரே அளவு காட்டும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரியில் சுமார் 97 பி.எஸ்.ஐ., 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும், சிறிதளவு திரவம் மிச்சமிருக்கும் வரை இதே எண்தான். ஆகவே கேஜை மட்டும் பார்த்து எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சரியான வழி இது: பழைய கேஸை மெஷினில் மீட்டெடுத்து, கசிவை அடைத்து, அரை மணி நேரமாவது வேக்குவம் போட வேண்டும். பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் ஏறினால் கசிவோ ஈரமோ இன்னும் இருக்கிறது. ஏறாவிட்டால், பானெட்டுக்குள் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் சொன்ன கிராம் கணக்கைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். நிறுவையில் நேர்மை என்பது இந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

- என்ஜின் ஓடும்போது, கேஸ் டின் மாட்டிய நிலையில் சிவப்புத் திருகைத் திறக்காதீர்கள். உயர் அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து அது வெடிக்கலாம்.
- கசிவு பார்க்க ஆக்சிஜன் பயன்படுத்தாதீர்கள். எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனும் சோப்பு நீரும் போதும்.
- சமையல் எரிவாயுவை ஏற்றாதீர்கள். கசிந்தால் வண்டிக்குள்ளேயே தீப்பிடிக்கும்.
- கேஸை வெளியே திறந்து விடாதீர்கள். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ, கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் கொடியது.

வண்டி வைத்திருப்போர் கேட்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: கேஜ் என்ன காட்டியது? கசிவு எங்கே? எவ்வளவு நேரம் வேக்குவம் போட்டீர்கள்? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் தயங்காமல் வண்டியை விடலாம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பில் இரண்டு ஆண்டில் இவற்றை முறையாகக் கற்கலாம். கேஜைப் படிக்கத் தெரிந்த கைக்கு, இன்ஷா அல்லாஹ், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை இருக்கும்.