நிலாவுக்கு ஒரு பீரங்கி: வெர்ன் கணக்கு எங்கே இடிக்குது?

பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. இன்னைக்கு ஒரு பழைய நாவலை நாமளே கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம்.

1865-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 'பூமியிலிருந்து நிலாவுக்கு' நாவலை வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், பால்டிமோர் நகரத்துப் பீரங்கிப் பிரியர்கள் சங்கத்துக்கு வேலையே இல்லை. "நிலாவுக்கே குண்டு விடுவோம்" என்று கிளம்புகிறார்கள். ஃபுளோரிடாவில் பள்ளம் தோண்டி 900 அடி நீளப் பீரங்கியை வார்க்கிறார்கள். அலுமினியக் குண்டுக்குள் மூன்று பேர்!

குண்டின் வேகம் நொடிக்கு 12,000 கெஜம். அதாவது, சுமார் 11 கிலோமீட்டர். பூமியை விட்டு விடுபடும் வேகம் 11.2 கிலோமீட்டர். பார்த்தீங்களா, எவ்வளவு நெருக்கம்!

அப்போ தப்பு எங்கே? முடுக்கத்தில். (ஆக்சிலரேஷன்தாங்க. இந்தத் தமிழ்ச் சொல்லே எனக்கு காலேஜ் வந்துதான் தெரியும்.) நாம எல்லாரும் படிச்ச சூத்திரம்:

வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம்

வேகம் 11,000 மீட்டர். தூரம், அதாவது பீரங்கிக் குழாயின் நீளம், 274 மீட்டர். போட்டுப் பாருங்க. புவியீர்ப்பைப் போல 22,000 மடங்குக்கு மேல் வரும். 60 கிலோ ஆள் மேல் 1,300 டன் அழுத்தும். பத்து ரயில் இன்ஜினை ஏத்தி வச்ச மாதிரி!

அதிர்ச்சி இருக்கும்னு வெர்னுக்கும் தெரியும். அதனால்தான் குண்டின் அடியில் தண்ணீர் மெத்தை வைத்தார். ஆனா சில அடி தண்ணீர் எதைத் தாங்கும்? முடுக்கத்தை 3 மடங்காகக் குறைக்கணும்னா குழாய் சுமார் 2,000 கிலோமீட்டர் நீளம் வேணும். 900 அடி எங்கே, இது எங்கே!

வழி என்ன? ஒரே வெடிப்பில் தள்ளாமல், எரிபொருளைக் கூடவே கொண்டு போய் பல நிமிடங்கள் மெதுவாகத் தள்ளணும். அதுதான் ராக்கெட். வெர்னைப் படித்து வளர்ந்த ரஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் அதற்கான சமன்பாட்டை வெளியிட்டார். 1969-ல் அப்போலோ 11 மூன்று பேரோடு கிளம்பியதும் அதே ஃபுளோரிடாவிலிருந்துதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நானும் கடைசி விடை சரியா வந்தா போதும்னு நினைச்சவன்தான். வெர்னுக்கும் விடை சரிதான். உள்ளே இருக்கிறவங்க அந்த விடை வரைக்கும் உயிரோட இருப்பாங்களா? அதையும் சேர்த்துக் கேட்டாதான் இன்ஜினியரிங்.

வீட்டுப்பாடம்: குண்டு அந்தக் குழாய்க்குள் எத்தனை நொடி இருக்கும்? கண்டுபிடிங்க, சிரிப்பு வரும்!