டெங்கு வைரசு: பெருகுதலும் பெருக்கப்படுதலும்

“தேங்கிய நீரில் டெங்குக் கிருமி பெருகுகின்றது.” மாரிக்காலந் தொடங்கியதும் மாணாக்கர் எழுதுங் கட்டுரைகளில் இவ்வாக்கியம் தவறாது இடம்பெறுகின்றது. எழுவாயும் பயனிலையும் நன்கு இயைந்திருத்தலின் இலக்கணம் பற்றி இதனைக் குற்றங் கூறுதல் இயலாது. பொருள் பற்றி நோக்கின் முழுவதும் பிழை. தேங்கிய நீரிற் பெருகுவது நுளம்பு. வைரசோ நீரிலும் பெருகாது, மண்ணிலும் பெருகாது, ஆறிய சோற்றிலும் பெருகாது. உயிருள்ள கலத்தின் உள்ளிடமன்றி அதற்கு உலகில் வேறிடம் இல்லை. தாய் நுளம்பிலிருந்து முட்டை வழியாக வைரசு அடுத்த தலைமுறைக்குச் செல்லுதல் சிறுபான்மை உண்டு. ஆயினும் அப்பொழுதும் அஃது இருப்பது குடம்பியின் கலத்தில். குடம்பி நீந்தும் நீரில் அன்று.

இன்னும் ஒரு படி உள்ளே சென்றால், ‘பெருகுகின்றது’ என்னும் வினையே ஐயத்துக்கு இடமாகின்றது. பெருகு என்பது தன்வினை. பெருக்கு என்பது பிறவினை. வைரசு தானே பெருகுகின்றதா, பிறிதொன்றாற் பெருக்கப்படுகின்றதா? யாம் விஞ்ஞான ஆசிரியர் அல்லேம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர் என்பதையும் அறிவோம். எனினும் ஒரு வினைச்சொல் எதன் தொழிலைக் குறிக்கின்றது என ஆராய்தல் தமிழாசிரியருக்கும் உரியதாதலின், இவ்விடயத்தை எடுத்துக்கொண்டோம்.

முதலில் டெங்கு வைரசின் உடைமைகளைக் கணக்கிடுவோம். அதன் விட்டம் ஏறத்தாழ 50 நனோமீற்றர்; 20,000 வைரசுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் நீளமாகும். கொழுப்பாலான ஓர் உறை, அதன்மேற் புரதத் தகடுகள், உள்ளே புரதத்தோடு கூடிய ஆர்.என்.ஏ. இழை ஒன்று, இவ்வளவே. அவ்விழையில் உள்ள எழுத்துக்கள் ஏறத்தாழ 10,700. இம்மலரில் அச்சிட்டால் ஐந்தாறு பக்கங்களுள் அடங்கும். மனிதரின் பரம்பரை ஏடோ 300 கோடி எழுத்துக்களை உடையது. வைரசின் சிற்றேட்டில் 10 புரதங்களை ஆக்குவதற்கான குறிப்பு உண்டு. ஆக்குதற்குரிய தொழிற்சாலை இல்லை. புரதத்தைக் கோக்கும் இறைபோசோம் இல்லை, சத்தியைப் பிறப்பிக்கும் ஏற்பாடு இல்லை, மூலப்பொருட் களஞ்சியமும் இல்லை. பற்றீரியா வறியதேயாயினும் சொந்த அடுப்பில் உலை வைப்பது. வைரசு, சமையற் குறிப்பை மாத்திரம் மடியிற் கட்டிக்கொண்டு பிறர் அடுக்களை தேடி வருவது.

அது கலத்துள் நுழையும் வகை கருதத்தக்கது. அது கதவை உடைப்பதில்லை. கலங்கள் வெளியிலுள்ள பொருள்களை மென்சவ்வின் சிறு பைகளில் அள்ளி உட்கொள்ளும் இயல்புடையன. தம் மேற்பரப்பில் வந்து ஒட்டிய வைரசையும் அவ்வாறே உட்கொள்கின்றன. உட்கொண்ட பையில் அமிலத்தன்மை ஏறும். வந்த பொருளைச் செரித்தற்குக் கலம் நாடோறுஞ் செய்யுந் தொழில் அது. அவ்வமிலம் பட்டதும் வைரசின் புரதத் தகடுகள் உருமாறி, அதன் உறையைப் பையின் சவ்வோடு ஒன்றாக்கிவிடுகின்றன. வாயில் திறக்கின்றது, ஆர்.என்.ஏ. குழியவுருவை அடைகின்றது. செரித்தற்கு ஊற்றிய அமிலமே திறவுகோலாயிற்று.

அடுத்து நிகழ்வது எழுத்துப் பற்றியது. எம்மனோர்க்குச் சுவை தருவது. கலத்தின் கருவிலிருந்து இறைபோசோமுக்குச் செல்லும் ஏவல் மடல்களும் ஆர்.என்.ஏ. மொழியிலேயே எழுதப்பட்டவை. அவற்றின் தலைப்பில் ‘தொப்பி’ எனப்படும் இரசாயன முத்திரை ஒன்று இருக்கும். டெங்கு வைரசின் இழையிலும் அத்தகைய முத்திரை உண்டு. இறைபோசோம் கடமை தவறாத அச்சுக்கோப்பாளனைப் போன்றது. முத்திரை சரியாயின், எழுதியவர் யாரெனக் கேளாது கோத்துவிடும். பத்துப் புரதங்களும், சந்தி பிரியாத செய்யுளடி போல, ஒரே நீண்ட தொடராகக் கோக்கப்படுகின்றன. பின்னர் அதனைப் பதம் பிரித்தல் வேண்டும். சில வெட்டுக்களை வைரசின் நொதியம் செய்கின்றது. ஏனையவற்றைக் கலத்தின் நொதியங்களே செய்து கொடுக்கின்றன. கலத்தினுள்ளிருக்கும் அகமுதலுருச் சிறுவலையின் சவ்வு குழிந்து, வைரசின் இழையைப் படியெடுத்தற்கு மறைவான அறைகளாக அமைகின்றது. படியெடுக்கும் நொதியம் வைரசினது. எழுத்துக்களும் சத்தியும் கலத்தினவை. புதிய வைரசுக்கு உறையாவதும் அச்சிறுவலையின் கொழுப்பே. வெளியேறுமுன் பியூரின் என்னுங் கலநொதியம் வைரசின் புரதமொன்றை வெட்டிச் சீர்செய்கின்றது. அவ்வெட்டு விழாத வைரசு முதிராதது. பிறிதொரு கலத்தைப் பற்றும் வலிமை குறைந்தது. ஆதலின் ‘கலம் வைரசைப் பெருக்குகின்றது’ என்று எழுதுதலே பொருளுக்குப் பொருந்தும்.

எமது விஞ்ஞான நூல்கள் இத்தகைய உயிரை ‘விருந்து வழங்கி’ என வழங்குகின்றன. தமிழகத்தில் ‘ஓம்புயிர்’ என்பர். இரண்டும் எமக்கு முழு நிறைவு தருவன அல்ல. விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள், விருந்தினன் புதியவன். வைரசோ தன்னை வீட்டாருள் ஒருவனாகக் காட்டியே உண்கின்றது. ஆயினும் மாணாக்கர் பரீட்சையில் விருந்து வழங்கி என்றே எழுதுக. புள்ளி வழங்குவோர் யாம் அல்லேம்.

மனித உடலில் இவ்வேலைக்கு அகப்படுவன காவற் கலங்கள். நுளம்பு குத்திய இடத்தில், தோலிலுள்ள காவற் கலங்கள் முதலிற் பற்றப்படுகின்றன. நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று பகைவரவை அறிவித்தல் அவற்றின் தொழில். செல்லும்போது பகையையுஞ் சுமந்து செல்கின்றன. அப்பால் வெண்குருதிக் கலங்களுட் சிலவும் அகப்படுகின்றன. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவருக்கு அவ்வகையிலிருந்து நெடுங்காலக் காப்பு உண்டு. மற்றை மூன்றிலிருந்து கிடைக்குங் காப்போ குறுங்காலத்தது. பின்னர் வேறொரு வகை புகும்போது, பழைய பிறபொருளெதிரிகள் அதனைப் பற்றியும் அடக்கமாட்டாதனவாகலாம். பிறபொருளெதிரி பற்றிய பொருளை விழுங்குதல் தின்குழியங்களின் கடமை. அவை கடமையைச் செய்ய, உள்ளே வைரசு முன்னையினும் மிகுதியாகப் பெருக்கப்படுகின்றது. இரண்டாம் முறை வருங் காய்ச்சல் சிலருக்குக் கடுமையாதற்கு இதனை ஒரு முதன்மைக் காரணமாகக் கூறுவர். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் என அறிவிக்கப்பட்டனர். 400 பேருக்கு மேல் இறந்தனர். ‘எனக்கு முன்னரே வந்து போயிற்று, இனிப் பயமில்லை’ என்று பேசும் இளைஞர் இவ்விடத்தை இருமுறை வாசிப்பாராக.

நுளம்பும் வெறும் ஊசி அன்று. ஈடிசு எகிப்தி என்னும் நுளம்பினத்தின் பெண் உறிஞ்சிய குருதியிலுள்ள வைரசு, முதலில் அதன் நடுக்குடற் கலங்களிற் பெருக்கப்படல் வேண்டும். பின் உடலெங்கும் பரவி உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்களை அடைதல் வேண்டும். இதற்கு 8 முதல் 12 நாள் வரை செல்லும். அதன்பின் சாகும்வரை அந்நுளம்பு நோயைப் பரப்ப வல்லது.

இச்சார்பு அறியப்பட்டபின், வைரசை நேரே தாக்காது அது இரவல் வாங்குங் கருவியைத் தடுத்தல் ஆகாதோ என்னும் எண்ணம் ஆய்வாளருக்கு எழுந்தது. கலத்தின் நொதியமொன்றைத் தடுக்குஞ் செல்கோசிவிர் என்னும் மருந்தைச் சிங்கப்பூரில் 50 நோயாளரிற் பரிசோதித்தனர். 2014 இல் வெளிவந்த முடிவின்படி, அதனால் குறிப்பிடத்தக்க அளவு வைரசுங் குறையவில்லை, காய்ச்சலுங் குறையவில்லை. 2016 இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வேறொரு வழியைக் காட்டின. மனிதக் கலங்களின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக முடக்கி, எவை இல்லையேல் இத்தகைய வைரசுகள் பெருக்கப்படமாட்டா எனத் தேடினர். புரதத்துக்கு வெல்லத்தை இணைக்கும் நொதியத் தொகுதியும், புரதத் தொடரின் முனையை வெட்டும் நொதியத் தொகுதியும் அவற்றுள் முன்னின்றன. கருவிகளின் பெயர்ப்பட்டியல் கிடைத்தது. ஆனால் அவை எமக்கும் வேண்டிய கருவிகள். அங்கேதான் சிக்கல் இருக்கின்றது.

நுளம்பின் பக்கத்திலோ முயற்சி பலித்துள்ளது. வொல்பேக்கியா என்னும் பற்றீரியா பூச்சியினங்கள் பலவற்றின் கலங்களுள் வாழ்வது. ஈடிசு எகிப்தியில் இயற்கையாகக் காணப்படாதது. அதனைப் பழ ஈயிலிருந்து எடுத்து அந்நுளம்பினுட் புகுத்தினர். தாயிடமிருந்து முட்டைக்குச் செல்வதாதலின் அது தலைமுறைதோறுந் தொடர்கின்றது. பூச்சிகளாற் கொலெஸ்திரோலை ஆக்க முடியாது. உணவிலிருந்து கிடைக்குஞ் சிறிதளவை வொல்பேக்கியா பயன்படுத்திவிட, வைரசுக்கு வேண்டியது குறைகின்றது என்பது கூறப்படுங் காரணங்களுள் ஒன்று. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் அத்தகைய நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதங் குறைந்ததென 2021 இல் ஆய்வு வெளிவந்தது. வொல்பேக்கியாவும் கலத்துக்கு வெளியே பெருகமாட்டாதது. எனினும் தன் புரதத்தைத் தானே கோத்துத் தன்னைத் தானே இரண்டாக்கிக் கொள்வதாதலின், அதற்குப் ‘பெருகுகின்றது’ என்னுந் தன்வினையை மாணாக்கர் தடையின்றி எழுதலாம்.